பாக்தாத்தில் வரைந்த சதுரம்

நான்காம் படிவத்தில், கூடுதல் கணித வகுப்பில், வர்க்கப் பூர்த்தி முறையை மந்திரம்போல் மனனம் செய்தேன். ‘பாதியாக்கு, வர்க்கப்படுத்து, இரு பக்கமும் கூட்டு.’ எஸ்.பி.எம். தேர்வில் புள்ளியும் கிடைத்தது. ஏன் பாதியாக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. பல்கலைக்கழக முதலாண்டில்தான், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு நூலின் படம் அதை விளக்கியது.

அந்த நூலை எழுதியவர் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி; கலீஃபா அல்-மாமூன் (813–833) காலத்தில் பாக்தாத்தில் பணியாற்றிய அறிஞர். நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லே அல்ஜிப்ரா ஆனது. அவர் பெயரின் லத்தீன் வடிவத்திலிருந்து பிறந்ததுதான் அல்காரிதம்.

அவர் கேட்கும் கணக்கு இது: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது? குறியீடுகள் கிடையாது, எல்லாம் சொற்கள்தான். நீங்களும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரு செவ்வகங்களாக்கி, ஒன்றை வலப்பக்கமும் மற்றதைக் கீழேயும் ஒட்டுங்கள். இதுவரை மொத்தப் பரப்பு 39. மூலையில் மட்டும் ஐந்துக்கு ஐந்து என்ற அளவில் ஓர் ஓட்டை. அந்த 25ஐ நிரப்பினால் 64; முழுச் சதுரம். அதன் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் விடை 3. பாதியாக்குவது, இரு பக்கமும் சமமாக ஒட்டத்தான்!

‘அரபு உலகம் கிரேக்கக் கணிதத்தைப் பாதுகாத்து ஐரோப்பாவிடம் கொடுத்தது’ என்று பலர் எழுதுகிறார்கள், ஏதோ தபால்காரர் வேலை என்பதுபோல. நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பாட்டு: ‘எல்லாம் இந்தியாவிலிருந்து போனதுதான்.’ பதின்ம எண்முறை அங்கிருந்து போனது உண்மை. அதை அல்-குவாரிஸ்மி மறைக்கவில்லை. இந்தியக் கணக்கு முறை பற்றித் தனி நூலே எழுதினார். 628இல் பிரம்மகுப்தர் எதிர்மறை எண்களையும் கையாண்டார். இதில் அல்-குவாரிஸ்மி பின்தங்கியவரே. மேற்கண்ட கணக்கின் மற்றொரு விடையான -13ஐ அவர் விட்டுவிட்டார். (எஸ்.பி.எம். எழுதியிருந்தால் புள்ளி போயிருக்கும்.)

ஆனால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லி, அந்த வழி ஏன் சரி என்று படம் வரைந்து காட்டியது அவர் உழைப்பு. பிற்காலத்தில் உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வளைகோடுகள் வெட்டும் புள்ளிகளால் தீர்த்தார். தபால்காரர் செய்யும் வேலையா இது? அல்-குவாரிஸ்மி நூலின் பெரும்பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீடு என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ‘ஃபராயிட்’ என்று கேள்விப்படும் அதே கணக்குதான்.

பெயரும் ஆண்டும் பெட்டிச் செய்தியாக வந்தால் போதாது. அந்தப் படம் வகுப்பறை வெண்பலகைக்கு வர வேண்டும். பத்து நிமிடம் போதும். நான் டியூஷன் சொல்லித்தரும் மாணவனுக்கு வரைந்து காட்டினேன். “வர்க்கத்தோடு 21ஐக் கூட்டினால் பத்து மடங்கு வரும் என்று மாற்றிக் கொடுத்தால்?” என்று கேட்டேன். ஒட்ட முயன்றான், ஒட்டவில்லை. அதற்கு அல்-குவாரிஸ்மி வேறு படம் வரைந்திருக்கிறார், விடைகளும் இரண்டு. இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை.