பாறையைக் கேட்டு வெடி வையுங்கள்

தென்காசி ஜில்லாவில், ஆலங்குளம் வட்டாரத்துக் கல்குவாரிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகளைக் குறித்தே விவாதம் நடக்கிறது. எல்லை கடக்கும் கல்லைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. ஆனால், அந்தக் கல் எவ்விதம் பெயர்க்கப்படுகிறது என்ற கேள்வி அதனினும் முக்கியமானது என்பது நமது அபிப்பிராயம். முன்னது வருமானத்தைப் பற்றியது. பின்னது மனித உயிரைப் பற்றியது.

2022-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி இரவு, அண்டையிலுள்ள திருநெல்வேலி ஜில்லாவில் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பெரும்பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினர், நால்வர் மாண்டனர். குவாரியின் ஆழம் சுமார் 300 அடி என்று அப்போது சொல்லப்பட்டது. கெட்டியான பாறையிலும் ஒவ்வொரு படியின் உயரமும் ஆறு மீட்டருக்கு மேற்படலாகாது என்று 1961-ம் வருஷத்து உலோகச் சுரங்க விதிகள் வகுத்திருந்தன. விதி இல்லாமையால் நேரும் குறை வேறு. விதி ஏட்டோடு நிற்பதால் நேரும் குறை வேறு.

வெளிப்பார்வைக்குப் பாறை ஒரே பிண்டமாகத் தோன்றும். உண்மை அதுவன்று. தென்காசிச் சீமையின் நைஸ், சார்னோகைட் பாறைகள் பூர்வ காலத்தில் பூமியின் அழுத்தத்தால் மடிந்து நெரிந்தவை. அச்சன்கோவில் பிளவு மண்டலம் இப்பக்கமாகவே செல்கிறது. ஆகவே பாறையினுள் அடுக்குகளும் விரிசல்களும் மண்பட்டைகளும் உண்டு. விரிசல் குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், இன்று வைக்கும் வெடி நாளைய சரிவுக்கு வழி செய்யும். துளையின் குறுக்கே மண்பட்டை இருந்தால், வெடியின் வாயு அவ்வழியே பீறிட்டுக் கற்களைத் தூரத்தில் வீசும். துளையிடுகிறவன் கைக்கு இது தெரியும்: துரப்பணம் திடீரென்று இறங்கினால் அங்கே பொந்தோ மண்ணோ இருக்கிறது. அந்த அறிவைக் குறித்து வைத்து, அதற்கேற்பத் துளையின் இடைவெளியையும் மருந்தின் அளவையும் மாற்றுவதே சாஸ்திரம்.

அதிர்வின் கதையும் இதுவே. அதன் வேகம், ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. 400 மீட்டருக்கு அப்பால் 40 கிலோ உண்டாக்கும் அதிர்வை 200 மீட்டரில் 10 கிலோவே உண்டாக்கிவிடும். தூரம் பாதியானால் மருந்து கால் பங்காக வேண்டும். மருந்தைக் கணநேர இடைவெளிவிட்டுப் பகுதி பகுதியாக வெடிக்கச் செய்யும் முறையும் இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இலாகா 1997-ல் வீடுகளுக்கு வினாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை, அதிர்வின் தன்மைக்கேற்ப எல்லை விதித்தது. ராஜ்ய சர்க்காரின் விதியோ குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்று தூரத்தை மட்டும் சொல்கிறது. தூரம் அவசியந்தான், அது மட்டும் போதாது. அதிர்வைச் சுமந்து செல்வது பாறையாதலால், அந்தந்தப் பாறையை அளந்தே அளவு கூற முடியும்.

சிறு குத்தகைதாரர்கள் இச்செலவைத் தாங்கமாட்டார்கள் என்பர் சிலர். தவறாக வைத்த வெடி பெரும் பாளங்களையே தருகிறது. அவற்றை மீண்டும் உடைக்க வேண்டியிருக்கிறது. அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? பாறையை அளக்க நாட்டில் நிபுணர்களுக்கும் குறைவில்லை. 1851 முதல் இந்திய பூகர்ப்ப இலாகா இருக்கிறது. பாறை இயலுக்கென்றே 1988-ல் கோலார் தங்கவயலில் ஒரு தேசிய ஸ்தாபனம் தொடங்கப்பட்டது.

ஆகவே நாம் கோருவன மூன்று. குவாரிதோறும் விரிசல்களின் திசையும் சாய்வும் காட்டும் படம் வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் துளைக் குறிப்பும் மருந்துக் கணக்கும் வேண்டும். ஊர் எல்லையில் அதிர்வளவைப் பதிவு செய்து, அதைக் கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும். ஊர்ப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் வீட்டுச்சுவரின் வெடிப்பைக் காட்டி முறையிடுவதோடு நில்லாமல், இக்கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். கணக்குக் கேட்கும் ஜனங்கள் உள்ள ஊரில்தான் சட்டம் உயிரோடு இருக்கும்.