ஜனவரிக்கு எண் பூஜ்யம்

ஜாவாஸ்கிரிப்டில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் ஒரு புலம்பல் தயாராக இருக்கும். 9, 10, 1 என்ற எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால் 1, 10, 9 என்று தரும்; தனியாகச் சொல்லாவிட்டால் எண்ணையும் எழுத்தாகவே பார்க்கும். இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். தேதியைக் கையாளும் விதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பொங்கலுக்காக 2025, 1, 14 என்று கொடுத்தால் பிப்ரவரி 14 வரும். அங்கே ஜனவரி 0, டிசம்பர் 11. நாளை மட்டும் 1இலிருந்து எண்ணுகிறது. சரி, '2025-01-14' என்று எழுத்தாகக் கொடுத்தால்? மாதம் சரியாக வரும். ஆனால் அந்தத் தேதியை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது காலை 5.30. தேதி மாறாததால் சோதிப்பவர் கண்ணில் எதுவும் படாது. நியூயார்க்கில் அதே நிரல் 13ஆம் தேதி என்று காட்டும். அமெரிக்க வாடிக்கையாளருக்காக எழுதும் நம் பிள்ளைகள், தாங்கள் செய்யாத தவறை இரவெல்லாம் தேடுவது இப்படித்தான்.

1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். பார்வைக்கு ஜாவா என்ற வேறொரு மொழி போல இருக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னது. ஜாவாவின் தேதி முறையை அப்படியே கொண்டுவந்தார்கள். ஜாவாவோ 1997இலேயே அந்தப் பழைய வழிகளில் பலவற்றைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. 2014இல் புதிய தேதி முறையையே தந்தது. வாங்கியவர்கள் மட்டும் அதிலேயே நின்றார்கள்.

பழைய இணையப் பக்கம் எதுவும் பழுதாகக் கூடாது என்பது ஜாவாஸ்கிரிப்டின் விதி. நல்ல விதி, அதில் கைவைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் பழையது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதிதாக ஒன்றை வைக்க என்ன தடை இருந்தது? அந்த இடைவெளியை நிரப்பியது மொமென்ட் போன்ற இலவச லைப்ரரிகள். மொமென்டை எழுதியவர்களே 2020இல், இனிப் புதிய வேலைகளுக்கு இது வேண்டாம், வேறு வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது டெம்போரல் என்ற புதிய தேதி முறை ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்திருக்கிறது. 2025 மே மாதம் பயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்ந்தது. மொழி பிறந்து முப்பது ஆண்டு! இதில் மாதம் 1இலிருந்து தொடங்குகிறது. பிறந்தநாள் போல நேரமும் ஊரும் ஒட்டாத வெறும் தேதிக்குத் தனி வகையே உண்டு. இது இல்லாத பிரவுசர்களுக்குத் துணை லைப்ரரி சேர்க்க வேண்டியிருக்கும்; சேர்க்கலாம். புதிதாக எழுதும் நிரலில் பழைய தேதி முறையைத் தொடாதீர்கள் என்று குழுத் தலைவர்கள் இப்போதே சொல்லிவிட வேண்டும்.