உம்மாவின் வலி பொய்யன்று!



அறுபதைக் கடந்த உம்மாமார் பலர் நம் இல்லங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுகின்றனர். ஸஜ்தாவிலிருந்து நிமிரும்போது முழங்காலைப் பற்றிக்கொள்கின்றனர். 'வயதானால் வரத்தானே செய்யும்' என்று நாமும் இருந்துவிடுகிறோம். என் தாயார் விஷயத்தில் நானும் அவ்வாறே இருந்தேன்.

ஒருநாள், 'மூட்டு நோய்க்கான முழுப் பரிசோதனை' என்று ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம் செய்திருந்த விளம்பரத்தைக் கண்டு அவரை அழைத்துச் சென்றேன். மாலையில் அறிக்கை வந்தது. யூரிக் அமிலம், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர் ஆகிய நான்கும் சரியான அளவில் இருந்தன. "ஒன்றுமில்லை உம்மா, எல்லாம் நார்மல்" என்றேன். அதன்பின் அவர் வலியைப் பற்றி என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார். குணமாகிவிட்டது என்றெண்ணி நானும் மகிழ்ந்திருந்தேன்!

சில மாதங்களுக்குப் பின் எலும்பு மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கியபோதுதான் என் அறியாமை எனக்குப் புலப்பட்டது. அவரிடம் கேட்டதையும், பின்னர் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

இரத்தம் சொல்வது என்ன?

அந்த நான்கு பரிசோதனைகளும் பிற நோய்களைக் கண்டறிய உதவுபவை. யூரிக் அமிலம் கௌட் நோய்க்கும், ஆர்.ஏ. ஃபேக்டர் முடக்குவாதத்திற்கும், மற்ற இரண்டும் உடலில் உள்ள அழற்சிக்கும் உரியவை. முழங்கால் தேய்மானத்தில் இவை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே, 'நார்மல்' என்ற சொல் மூட்டு நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

அப்படியாயின், தேய்மானத்தின் கடுமையை அளந்து காட்டும் பொருள் ஏதும் இல்லையா? விஞ்ஞானிகள் அதைத்தான் தேடிவருகின்றனர். குருத்தெலும்பு இரண்டாம் வகைக் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அவ்விழைகள் சிதையும்போது 'சி.டி.எக்ஸ்-2' என்னும் துணுக்கு சிறுநீரில் வெளியேறுகிறது. 'காம்ப்' என்னும் புரதமும், ஹயலூரானிக் அமிலமும் இரத்தத்தில் கலக்கின்றன. தேய்மானம் மிகுந்தோரிடம் இவை சராசரியாகக் கூடுதலாகக் காணப்படுகின்றன.

அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய ஒரு பெரும் ஆய்வில் 45 முதல் 79 வயது வரையிலான 4,796 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 600 பேரிடம் இத்தகைய 18 பொருட்களை அளந்து பார்த்தனர். சில பொருட்கள் நோய் முற்றுவதை ஓரளவே முன்னுணர்த்தின. தனியொருவரின் முழங்காலைக் குறித்துத் தீர்ப்புக் கூறும் வலிமை அவற்றுக்கு இல்லை.

காரணம் எளிது. இரத்தம் உடல் முழுவதற்கும் பொதுவானது. விரல், இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் துணுக்குகளும் அதில் வந்து சேர்கின்றன. காலையில் ஓர் அளவு, நடந்த பின் வேறோர் அளவு. சிறுநீரகத்தின் நிலையும் அதை மாற்றும். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாயிலில் கிடக்கும் தேய்ந்த செருப்பைப் பார்த்து, அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கூற இயலுமா?

முதல் சாட்சி யார்?

வயது 45 அல்லது அதற்கு மேல் இருந்து, நடமாட்டத்தில் வலி இருந்து, காலை நேர விறைப்பு இல்லாமலோ அரை மணிக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், எக்ஸ்ரே போன்ற படம் ஏதும் எடுக்காமலேயே மருத்துவர் தேய்மானத்தை உறுதிசெய்யலாம் என்கிறது பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி நூல். கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இருவர் 1957இல் வகுத்த முறைப்படி, எக்ஸ்ரேயைக் கொண்டு தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கின்றனர். அதிலும் ஒரு வியப்பு உண்டு. படத்தில் தேய்மானம் சிறிதாக இருப்பவர் வலியால் துடிப்பதுண்டு. பெரிதாக இருப்பவர் வலியின்றி நடப்பதும் உண்டு. எனவே, வலிப்பவரின் வாய்மொழியே முதல் சாட்சி!

ஆனால், மூட்டு திடீரென வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அப்போது இரத்தப் பரிசோதனை மிக அவசியம்.

தேய்மானத்திற்கு முதல் மருந்து தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே. எடை கூடியவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். வலி மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸஜ்தாச் செய்ய இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்தே இருக்கிறது. அதற்காக அவர்கள் கூச வேண்டியதில்லை.

இப்போது என் உம்மா நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். காலையும் மாலையும் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்கிறார். வலி குறைந்திருக்கிறது, அடியோடு போய்விடவில்லை. "இன்று எப்படி உம்மா?" என்று நாள்தோறும் கேட்கிறேன். முதலில் தயங்கினார், இப்போது சொல்கிறார்.

இன்று வீடு திரும்பியதும் நீங்களும் உங்கள் தாயாரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்!