அட்டைக்குள் ஒரு கல்யாணம்

எங்கள் ஆபீஸ் நண்பர் போன ஞாயிறு ஊசுட்டேரிப் பக்கம் போனவர், பக்கெட்டில் ஒரு பாலாமையோடு திரும்பினார். மூலத்துக்கு ஆமை ரத்தம் நல்லதென்று டீக்கடையில் யாரோ சொன்னார்களாம்.

'பச்சையாவே குடிக்கணுமாம் சார்!'

எட்டிப் பார்த்தேன். ஆமையின் கழுத்து மடிப்பில் குட்டியாக நாலு அட்டைகள்.

'உங்களுக்கு முன்னாடியே நாலு பேர் க்யூவுல நிக்கிறாங்களே' என்றேன்.

அந்த க்யூவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. குளத்து ஆமைகள் பலவற்றின் ரத்தத்தில் ஹீமோகிரிகரைன் என்று ஓர் ஒட்டுண்ணி குடியிருக்கும். மலேரியாக் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுவின் நியூக்ளியஸை ஓரங்கட்டிவிட்டு வாழைப்பழம் மாதிரி படுத்திருக்கும். (நம் சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது, ஆமைக்கு உண்டு.) ஆமைக்குள் அது சும்மா பிரிந்து பெருகுவதோடு சரி. ஆண், பெண் சேர்ந்து நடக்கிற கல்யாணமெல்லாம் அட்டையின் குடலில்தான். அந்த அட்டை அடுத்த ஆமையைக் கடிக்கும்போது வாரிசுகள் வீடு மாறும். மலேரியாவில் கொசு பார்க்கிற அதே உத்தியோகம்.

1910-ல் இலங்கைக் குளத்து ஆமையிலிருந்து அட்டைக்குள் இதைப் பின்தொடர்ந்து எழுதியவர் மியூரியல் ராபர்ட்சன் என்ற கிளாஸ்கோ பெண்மணி. அதற்கும் முன்னால் 1901-ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர். 1898-ல் கராச்சியில், பிளேக்கைப் பரப்புவது எலித் தெள்ளுப்பூச்சி என்று காட்டினாரே, அவரேதான். இந்திய ஆமை, முதலை ரத்தங்களையும் விட்டுவைக்கவில்லை. கங்கை கரியல் முதலையில் கண்ட கிருமிக்கு ஆக்ராவிலிருந்த ஹாங்கின் பெயரையும், ஓர் ஆமையில் கண்டதற்கு பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் பெரியவர் மெட்ச்னிகாஃப் பெயரையும் சூட்டினார். அது மரியாதையாம். உங்கள் மேனேஜர் பெயரை ஒரு ரத்தக் கிருமிக்கு வைத்துப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் மெமோ வரும்.

நண்பர் முகம் வெளிறிவிட்டது. 'அப்ப அந்தக் கிருமி எனக்கும் வருமா சார்?'

பொய் சொல்ல மனம் வரவில்லை. 'அது ஆமையோட சரி. ஆனா ஆமையில சால்மோனெல்லா இருக்கலாம், பச்சையாக் குடிச்சா வயித்தைக் கலக்கிடும். அதுக்கும் மேல, பாலாமை 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. புலி இருக்கிற லிஸ்ட்! குறைஞ்சது மூணு வருஷம் உள்ளே.'

சால்மோனெல்லாவுக்கு அசையாதவர் மூணு வருஷத்துக்கு அசைந்தார்.

இருட்டுவதற்குள் ஸ்கூட்டரில் ஊசுட்டேரி. நான் பின்சீட்டில், மடியில் பக்கெட்.

'அட்டையையாவது பிச்சு எறிஞ்சுடவா சார்?'

'அது அவங்க குடும்ப விவகாரம், விடுங்க.'

ஆமை திரும்பிப் பார்க்காமல், நாலு விருந்தாளிகளோடு தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. நண்பர் கொஞ்ச நேரம் கரையிலேயே நின்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

'ஜிப்மர்ல ஓ.பி. சீட்டு காலையில எத்தனை மணிக்குக் குடுப்பாங்க சார்?'