கல்பாசியும் வெட்டிவேரும்

நாட்டு மருந்துக் கடைகளில் கல்பாசியும் வெட்டிவேரும் பக்கத்துப் பக்கத்துச் சாக்குகளில் இருக்கும். இரண்டும் வாசனைப் பொருள்; இரண்டும் எடை போட்டு விற்கப்படுகின்றன. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல என்பது என் கருத்து.

கல்பாசி என்ற பெயரே பொருந்தாப் பெயர். அது பாசியுமன்று, தாவரமுமன்று. பங்கசும் அல்காவும் கூடி வாழும் இலைக்கன் அது. பங்கசு வீடு கட்டுகிறது. அல்கா உணவு சமைக்கிறது. 1860களில் சுவிஸ் அறிஞர் சைமன் சுவென்டனர் இக்கூட்டு வாழ்வை எடுத்துரைத்தபோது, துறைசார்ந்த பலர் ஏற்க மறுத்தனர். மறுத்தவர்களுள் வில்லியம் நைலாண்டரும் ஒருவர். இலைக்கன் காற்றின் தூய்மையைக் காட்டும் என்று 1866இல் பரிஸ் நகரைக் கொண்டு சொன்னவரும் அவரே. வேரில்லாத இவ்வுயிர் நீரையும் உப்பையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பெறுகிறது. நஞ்சு கலந்தால் அதையும் சேர்த்தே பெறுகிறது.

வெட்டிவேரோ புல். நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு. நல்ல மண்ணில் அதன் வேர் ஓரிரு ஆண்டுகளிலேயே 3 மீற்றர் வரை இறங்கும். சரிவுகளில் வரிசையாக நட்டால் மண்ணரிப்பைத் தடுக்கும். 1980களில் உலக வங்கி இதனை இந்தியாவில் ஊக்குவித்தது. கடலூர்ப் பகுதி மணற்பாங்கான நிலங்களில் இது பயிராகவே விளைகிறது. வேரை அகழ்ந்தெடுத்த பின் துணுக்கை மீண்டும் நட்டால் அடுத்த விளைச்சல் உறுதி.

கல்பாசிக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் காட்டு மரங்களிலும் பாறைகளிலும் இருந்தே உரித்தெடுக்கிறார்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளரும் ஒன்றை ஒரு நொடியில் உரித்துவிடலாம். திரும்ப வளரப் பல்லாண்டு வேண்டும். ஒன்று வட்டி, மற்றையது முதல். வட்டியைச் செலவு செய்யலாம். முதலில் கைவைப்பவன் கணக்கறிந்து கைவைக்க வேண்டும்.

செட்டிநாட்டுச் சமையலைக் கைவிடும்படி நான் கூறவில்லை. ஒரு குழம்புக்கு ஒரு சிட்டிகை போதும். உரித்து விற்று வயிறு கழுவும் மலைவாழ் மக்களையும் குறை கூறவில்லை. ஒரு மரத்தில் பாதியை விட்டு வைக்கவும், உரித்த பகுதிக்குச் சில ஆண்டு ஓய்வு கொடுக்கவும் விதி வேண்டும். அவ்விதியால் குறையும் வருமானத்தை ஈடுசெய்யும் விலை அவர்கள் கைக்கே சென்று சேரவும் வேண்டும். நட்டு வளர்ப்பதற்கு ஒரு விலை, நடமுடியாததற்கு அதே விலை என்றால் இரண்டாவது நிலைக்காது.