ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்!

"அப்பாவுக்கு பைபாஸ் நல்லபடியா முடிஞ்சுது. வீட்டுக்கும் வந்தாச்சு. இனிமே ஒரு கவலையும் இல்லே!"

இதைக் கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு மாதம் தள்ளிவையுங்களேன்!

1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தபோது அது அதிசயம். இன்றோ, சொந்தபந்தத்தில் ஒருவராவது செய்துகொண்டிருப்பார். அதனாலேயே நமக்கு ஓர் அலட்சியம்!

ஐ.சி.யூ.வில் என்ன செய்தார்கள்? துடிப்பு, ரத்த அழுத்தம், மார்பு டியூபில் வடியும் ரத்தம், மணிக்கு மணி சிறுநீர் அளவு... எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்கும் குறைவாகச் சிறுநீர் போனால் டாக்டர் உஷாராகிவிடுவார். பைபாஸ் செய்துகொண்ட 100 பேரில் 20 முதல் 40 பேருக்குத் துடிப்பு தாறுமாறாகும். அதுவும் பெரும்பாலும் 2-ம் நாளிலிருந்து 4-ம் நாளுக்குள். 'முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி?' என்று ஒப்பிடுவதால்தான் வரப்போகும் சிக்கல் முன்கூட்டியே தெரிகிறது.

வீட்டிலும் இது தொடரவேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு ஒரு நோட்டு, எடை மெஷின், தெர்மாமீட்டர் போதும்.

தினமும் காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ கூடினால், அது ஹார்லிக்ஸின் மகிமை அல்ல; உடம்பில் நீர் கோத்திருக்கலாம். ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மார்பிலும் காலிலும் உள்ள தையல் சிவந்து நீர் கசிந்தாலோ, இருமும்போது மார்பெலும்பு 'க்ளிக்' என்றாலோ, நாடி தாறுமாறாக ஓடினாலோ அன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள். அந்த எலும்பு கூடவே 6 முதல் 8 வாரம் ஆகும். மூச்சுத்திணறல், கடும் நெஞ்சுவலி, மயக்கம், பேச்சுக் குழறல் என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே 108!

"எப்படி இருக்கீங்கப்பா?" என்று கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார். 'பிள்ளைங்க ஏற்கெனவே எவ்வளவோ செலவு பண்ணிட்டாங்க, இதுக்குப் போய் அலையவைக்கணுமா' என்ற எண்ணம் அவருக்கு. அதனால் கேட்பதோடு விடாதீர்கள். நீங்களே பார்த்து, எழுதிவையுங்கள்.

அடுத்த செக்கப்புக்கு மறக்காமல் அந்த நோட்டையும் கொண்டு போங்கள். அப்பா வாய் திறந்து சொல்லாததை அது டாக்டரிடம் சொல்லிவிடும்!