'பேஸ்' படுத்திய பாடு

அடுத்த வீட்டுக் கமலா பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழிலேயே படித்தவள். இப்போது கல்லூரியில் எல்லாமே இங்கிலீஷ். போன ஞாயிற்றுக்கிழமை அகராதியும் கையுமாக வந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

"மாமா, 'பேஸ்' என்றால் அடிப்பாகம் என்று போட்டிருக்கிறது. சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவது எந்த அடிப்பாகம்? எனக்கு இந்தப் படிப்பு வராது போலிருக்கிறது!"

"அடி அசடே! அது நீ பள்ளியில் படித்த 'காரம்'தான். உட்கார், சொல்கிறேன்" என்றேன்.

'பேஸ்' கிரேக்கத்திலிருந்து புறப்பட்ட சொல். முதலில் 'அடியெடுத்து வைத்தல்'. பிறகு அடி ஊன்றி நிற்கும் இடம், தூணைத் தாங்கும் பீடம். அதை இரசாயனத்துக்குள் கொண்டுவந்தவர் ரூயெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1754-ல் அவர் சொன்ன விளக்கம் இது: அந்நாளில் தெரிந்த அமிலங்களில் பல, ஆவியாகிவிடும் திரவங்கள். அவற்றைப் பிடித்து நிறுத்தி, கெட்டியான உப்பாக உருக்கொடுக்கும் பொருள் எதுவோ, அதுவே அந்த உப்புக்குப் பீடம்!

மற்றவையும் இப்படித்தான். முக்கோணத்தின் உயரம் நிற்பது 'பேஸ்' மேல். நம் எண்கள் நிற்பது 10-ன் மேல். கம்ப்யூட்டரின் எண்கள் 2-ன் மேல். பாபிலோனியர் 60-ன் மேல் கணக்கை நிறுத்தினார்கள். மணிக்கு 60 நிமிஷம் வந்தது அந்த வழியில்தான். போர் விமானங்கள் புறப்பட்டுத் திரும்பும் தளமும் 'பேஸ்'. பேஸ்பால் ஆட்டத்தில் ஓடுகிறவன் கால் ஊன்றும் இடமும் அதுவே.

"அப்படியானால், 'இழிந்தவன்' என்றும் ஒரு பொருள் போட்டிருக்கிறதே?"

அது வேறு வம்சம், வாசகர்களே! 'தாழ்ந்த' என்று பொருள்படும் பிற்கால லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே தெருவில் குடியிருப்பதில்லையா?

நம் 'அடி' மட்டும் இளைத்ததா? பாதம், கீழ்ப்பாகம், செய்யுள் வரி, பன்னிரண்டு அங்குலம், முதுகில் விழுவது—எல்லாமே 'அடி'தான். இடம் பார்த்துத்தானே பொருள் கொள்கிறோம்! 'இங்கே எதன் மேல் எது நிற்கிறது?' என்று கேட்டுக்கொண்டால் 'பேஸ்' பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

நேற்று மாலை கமலா வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்: "மாமா, 'டேட்டாபேஸ்' என்று ஒன்று வந்தது. தகவல்கள் தங்கி நிற்கும் தளம், சரிதானே? அகராதியைத் தொடவே இல்லை!"

இனி அவளுக்குப் படிப்பு வரும். அடி பலமாக ஊன்றிவிட்டாள்.